ஊமைப்படக்காரர் வீடு

என் கொள்ளுத்தாத்தா ஊமை என்று பழங்காநத்தத்தில் பாதிப்பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஒருவருக்கும் அது தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்களுக்கோ அந்த வாய் திறந்திருப்பதே தெரியாததால் மூடியைத் தேடும் வேலையும் இல்லாமல் இருந்தது.

இப்போது ஊமைப்படக் காலத்து இயக்குநர்களைத் தேடிக் கண்டெடுத்து எழுதுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கைபேசியில் பெயரைத் தட்டினால் என் கொள்ளுத்தாத்தாவுக்கும் அரைப்பக்கம் வருகிறது. மறந்துபோன இயக்குநர், மதுரைக்காரர், எடுத்த படங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று அதில் போட்டிருக்கிறது. அந்த அரைப்பக்கத்தால் சினிமா வரலாற்றுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் அத்தைக்கு என்ன கிடைத்தது என்று தெரியும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மிஷன் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். முப்பது தாண்டியும் அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. எங்கள் வீட்டில் இருந்த மற்றக் கவலைகள் எல்லாம் இந்தக் கவலைக்கு ஒதுங்கி வழிவிட்டிருந்தன. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. வருவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், வீடு நல்ல காற்றோட்டம் என்பார்கள், தாத்தாவிடம் படித்த சொந்தக்காரர் யாரையாவது கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவார்கள். எழுந்திருக்கும்போது "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்" என்பார்கள்.

எங்கள் சபைக்காரர்களுக்கு ஜாதகம் பார்க்கும் வழக்கம் இல்லை. ஜாதகம் பார்க்கிறவர்களுக்கு அதில் ஒரு வசதி உண்டு. பிடிக்காத இடத்தை நட்சத்திரத்தின் தலையில் கட்டிவிடலாம். நாங்கள் அதை ஆண்டவர் தலையில் கட்டுவோம். ஜெபித்துப் பார்த்தோம், சித்தம் இல்லை என்று தகவல் வரும். அதற்குமேல் யாரிடம் போய்க் காரணம் கேட்பது? ஆண்டவர் எங்கள் அத்தையிடம் என்ன குறையைக் கண்டார் என்று விசாரிக்கத் தாத்தாவுக்குத் துணிச்சல் இல்லை. அம்மா வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்து பார்த்தாள். கேசரியில் முந்திரியைக் கூட்டியும் பார்த்தாள்.

வந்தவர்கள் நடந்துகொண்ட விதமும் கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும். அத்தையைப் பாடச் சொல்வார்கள். கீர்த்தனை பாடச் சொல்வது வழக்கம்தான், அதில் தப்பில்லை. பேசச் சொல்வார்கள், பேசியதைத் திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொல்வார்கள். ஆனையூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா, அத்தை முதுகு காட்டித் திரும்பிய நேரம் பார்த்துக் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போட்டார். அத்தை சட்டென்று திரும்பினாள். கை வழுக்கிவிட்டது என்றார் அந்த அம்மா. பிறகு என்னை மடியில் உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்களையெல்லாம் சொல்லச் சொன்னார். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தார். என் பேரில் அவருக்கு இவ்வளவு பிரியமா என்று நான் பூரித்துப்போனேன்.

ஆனையூர் இடம் மற்றவை போல இல்லை. மாப்பிள்ளை பேங்க் கிளார்க். அத்தைக்குப் பிடித்திருந்தது. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குத் தலை பின்னும்போது பாடிக்கொண்டே பின்னினாள். நிச்சயத்துக்கு நாள்கூடப் பேசியாயிற்று. அப்புறம் அங்கிருந்தும் சித்தம் இல்லை என்று வந்தது. அத்தை அழவில்லை. இனிமேல் யாரும் தன்னைப் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கொடைக்கானல் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலுக்கு வார்டன் கேட்டிருந்தார்கள். கோடை விடுமுறை முடிந்ததும் அங்கேயே போய் இருந்துவிடுவதாக முடிவுசெய்து பெட்டியும் வாங்கிவிட்டாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அத்தை போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவார்கள் என்பது என் கவலை.

அந்த மே மாத மத்தியானம் அப்பாவும் அம்மாவும் அவனியாபுரத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள். தாத்தா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். சொற்களையும் எண்ணித்தான் செலவழிப்பார். வாசலில் ஓர் அக்கா வந்து நின்றாள். ஜீன்ஸ், பெரிய தோள்பை, வெயிலில் கன்றிப்போன முகம். மணியை அடிக்கவில்லை, சார் என்று கூப்பிடவுமில்லை. கதவுக் கம்பிக்கு வெளியே நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள்.

தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, தூரத்தைக் காட்டி, ரயில் போவதுபோல் கையை இழுத்துக் காட்டினாள். வாய் பேச முடியாத பெண், பாவம், ஏதோ உதவி கேட்டு வந்திருக்கிறாள் என்று தாத்தா முடிவுகட்டிவிட்டார். அவரும் கையாலேயே உள்ளே வரச் சொன்னார், நாற்காலியைக் காட்டினார், சாப்பிட்டாயிற்றா என்று ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனார். அவள் வயிற்றைத் தடவி, ஆயிற்று என்று காட்டினாள். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முகத்தருகே ஒரு கையை வைத்துச் சுற்று சுற்று என்று சுற்றினாள். காபிக்கொட்டை அரைக்கிறாள், அதாவது காபி கேட்கிறாள் என்று தாத்தா புரிந்துகொண்டு, என் பக்கம் திரும்பி அந்த உத்தரவையும் சைகையிலேயே போட்டார். எதற்கு வம்பு என்று நானும் சைகையிலேயே சரி என்று காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அங்கே இருந்த அத்தை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே என்னோடு முன்னறைக்கு வந்தாள். யாரு வந்திருக்கா, என்ன வேணுமாம் என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அந்த அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"டீச்சர், நீங்க பேசுவீங்களா?"

"ஏம்மா, நீ பேசுவியா?" என்றார் தாத்தா.

அந்த அக்கா சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புப் படிப்பவள். ஊமைப்படங்களை எடுத்து, பெயரும் முகமும் மறந்துபோன டைரக்டர்களைத் தேடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாள். ஏதோ பழைய நோட்டீஸில் என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இருந்ததாம். கடைசிக்காலத்தில் பழங்காநத்தத்தில் இருந்தவர் என்று யாரோ சொன்னார்களாம். தாத்தாவின் முகம் இறுகியது. தன் அப்பா பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர், அவருக்கும் சினிமாவுக்கும் சம்பந்தமே இல்லை, நீங்கள் வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்றார். எங்கள் எல்லோருக்கும் அவரை டிராயிங் மாஸ்டர் என்றுதான் தெரியும். அதனால் அத்தையும் ஆமாம் என்றாள்.

அக்கா விடவில்லை. ஊமைப்பட டைரக்டர் வீடு எது என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டபோது, ஊமை வீடுதானே என்று சொல்லி ஆட்டோக்காரர் நேராக இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார் என்றாள். அத்தை கை துடைப்பதை நிறுத்தினாள். ஆட்டோக்காரர் வேறு என்ன சொன்னார் என்று கேட்டாள். அது எதுக்கு டீச்சர் என்றாள் அக்கா.

"பரவால்லம்மா. அவரு சொன்னத அப்படியே சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"பெரியவரோட அப்பா பிறவி ஊமையாம். வம்சத்துல ஓடுதாம். பெரியவரும் அம்புட்டாப் பேச மாட்டாராம். டீச்சரைக் கட்டுனா பிறக்குற பிள்ளைக்கும் வந்துரும்னு, வர்ற மாப்பிள்ளை வீடெல்லாம் திரும்பிப் போயிருதாம். கையக் காட்டியே பேசுங்க மேடம்னு சொல்லிவிட்டாரு."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, ஆனையூர் அம்மா என் நாக்கைப் பார்த்ததை நான் எடுத்துவிட்டேன். அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு, டம்ளர் என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பாட்டு, திரும்பச் சொல்லச் சொன்னது, போன வருஷம் வந்தவர்களில் ஒருவர் கிளம்பும்போது அவள் காதருகே குனிந்து போய்ட்டு வாரோம்மா என்று கத்தியது. தெருவில் காய் விற்கும் தள்ளுவண்டிக்காரர் எங்கள் வீட்டுக்கு மட்டும் விலையை விரலால்தான் காட்டுவார். அவருக்குத்தான் பேச்சு வராது என்று இரக்கப்பட்டு நாங்களும் விரலாலேயே பேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஆண்டவர்தான் பாவம். செய்யாத காரியத்துக்கு இத்தனை வருஷம் பழி சுமந்திருக்கிறார்.

அந்தப் படங்களுக்குத் தமிழில் மௌனப்படம் என்றும் பெயர் உண்டு. பழங்காநத்தத்துக்காரர்கள் அந்த வார்த்தையைப் பிடித்திருந்தால் எங்கள் வீடு மௌன வீடு ஆகியிருக்கும். ஏதோ தியானம் செய்கிற இடம் என்று விட்டிருப்பார்கள். அவர்கள் பிடித்தது ஊமைப்படத்தை. ஊமைப்படக்காரர் வீடு என்று ஒரு தலைமுறை சொன்னது. அடுத்த தலைமுறை அவசரத்தில் படத்தைக் கீழே போட்டுவிட்டு ஊமையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அத்தை தாத்தாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தாத்தா படம் எடுத்தாராப்பா?"

தாத்தா பேப்பரை நாலாக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார். அதற்குமேல் மடிக்க வரவில்லை. ஆமாம் என்றார்.

அதன்பிறகு அவர் பேசியது, நான் பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் பேசிய மொத்தத்தையும்விட அதிகம். கொள்ளுத்தாத்தா இளவயதில் சென்னைக்கு ஓடிப்போய்ப் படம் எடுத்தவர். எடுத்ததெல்லாம் சாமிப்படம். ஞானஸ்நானம் பெற்ற ஒருவன் தேவர்களைக் கயிறு கட்டி வானத்திலிருந்து இறக்கினான் என்பது அந்தக் காலத்துச் சபைக்கு லேசான சமாச்சாரம் இல்லை. பேசும் படம் வந்ததும் பிழைப்புப் போய் ஊருக்குத் திரும்பினார். படம் எடுத்தவர் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். வயதான பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழைய படக்கதைகளை அள்ளிவிடுவாராம். கேட்கக் கூட்டம் நிற்குமாம். அப்போது தாத்தா மிஷன் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த வாத்தியார். சினிமாக்காரர் மகன் என்று கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தது அவருக்குத் தாங்கவில்லை. ஒருநாள் தன் அப்பாவிடம் போய், இனிமேல் வெளியில் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

"அதோட நிறுத்திட்டாரு. டீக்கடைக்குப் போவாரு, உக்காருவாரு. யாரு என்ன கேட்டாலும் வாயத் திறக்க மாட்டாரு. சாகுற வரைக்கும் அப்படித்தான்," என்றார் தாத்தா. "ஊர்க்காரன் ஒண்ணும் தப்பாச் சொல்லல. நான்தான் அவர ஊமையாக்குனேன்."

அத்தை கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு அந்த உரிமை இருந்தது. ஆனால் அவள் வேறொன்றைக் கேட்டாள். நிஜமாகவே ஊமையாக இருந்திருந்தால்தான் என்ன, அதற்காக ஒரு வீட்டை ஒதுக்கிவைப்பார்களா என்றாள். ஆராய்ச்சி அக்கா அதுவரை எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்துவிட்டாள்.

தாத்தா எழுந்து பின்கட்டுக்குப் போய், மண்ணெண்ணெய் ஊற்ற நாங்கள் வைத்திருந்த நீளமான தகரப் புனலை எடுத்துவந்தார். துண்டால் துடைத்தார். இது புனல் இல்லை என்றார். ஊமைப்படத்தில் சத்தம் பதிவாகாது. அதனால் அந்த அக்கா காட்டியதுபோல் ஒருவர் கேமராவைக் கையால் சுற்றும்போதே டைரக்டர் இதை வாயில் வைத்துக் கத்திக்கொண்டே இருப்பாராம். அழு, திரும்பு, வாளை உருவு, இப்போது மயங்கி விழு. படத்தில் யாருக்கும் பேச்சு கிடையாது, எடுத்தவருக்கு மட்டும் வாய் ஓயாது. தன் அப்பாவின் குரலுக்கு நடிகர்கள் நடுங்குவார்கள் என்று தாத்தா பெருமையாகச் சொன்னார். பெருமை பேசிப் பழக்கமில்லாததால் நடுவில் இருமல் வந்துவிட்டது.

அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எத்தனையோ ஊர்களுக்குப் போய் வெறும் பெயரோடு திரும்பி வந்தவள் அவள். மண்ணெண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தும் மூக்கைச் சுளிக்கவில்லை. அவர் எப்படிக் கத்துவார் என்று ஒரு தடவை காட்டச் சொல்லிக் கெஞ்சினாள். தாத்தா தகரத்தை வாயில் வைத்தார். முதலில் காற்றுத்தான் வந்தது. அடுத்த தடவை வந்த குரலில் எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது. பக்கத்து வீட்டு அம்மா என்னவோ ஏதோவென்று சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். வாத்தியாருக்கு இம்புட்டுக் குரலா என்று அவர் பிறகு தெருவெல்லாம் சொல்லித் திரிந்தது எங்களுக்குப் பெரிய உதவி.

சாயங்காலம் திரும்பி வந்த அப்பாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார். சின்ன வயதில் திருட்டுத்தனமாக சினிமாவுக்குப் போய்விட்டு வந்து தாத்தாவிடம் பிரம்படி வாங்கியவர் அவர். "டைரக்டர் பேரனையாப்பா அந்த அடி அடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். அம்மாவின் வருத்தம் வேறு. மாமனாருக்கு அப்பாவான ஒருவரின் பொருளில் இத்தனை நாள் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டோமே என்று சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். அக்கா ஓடிப்போய்த் தடுத்தாள்.

பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியில் அப்படியே இருந்தது. நான் காலையில் எழுந்ததும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், அவரவர் வாழ்க்கையில் நடந்ததைச் சபைமுன் சொல்லும் சாட்சி நேரத்தில் தாத்தா எழுந்து நின்றார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தன் தகப்பனார் சினிமா எடுத்தவர், சாமிப்படம் எடுத்தவர், அவர் ஊமை அல்ல, இதை மறைத்தது தன் தவறு, மன்னியுங்கள் என்று நாலு வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் அவர் பயந்திருந்த நேரம் அது. ஆராதனை முடிந்ததும் ஒரு கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. கிட்டே போய்க் கேட்டால், அந்தப் படத்தை டிவியில் எப்போது போடுவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் ஐயாவுக்கு, அந்தக் காலத்தில் ஆட்களை எப்படிப் பறக்கவிட்டார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றதும் அத்தனை பேரும் துக்கம் விசாரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது தாத்தா நின்று நின்று சிரித்தார். இதுக்காடா பயந்தேன் என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு அவர் சிரித்து அதுவரை பார்த்த ஞாபகம் இல்லை.

அக்கா எழுதியது ஒரு பத்திரிகையில் வந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் எங்கள் வீட்டுக்கு டைரக்டர் வீடு என்று பெயர் மாறியது. தள்ளுவண்டிக்காரர் வாயைத் திறந்து விலை சொன்னார். விரலால் காட்டியபோது கொஞ்சம் மலிவாக இருந்தது என்று அம்மா குறைபட்டுக்கொண்டாள்.

அப்புறம் ஆனையூரிலிருந்து ஆள் வந்தது. முன்பு அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த சபைக்காரர்தான். மாப்பிள்ளை வீட்டார் மறுபடி ஜெபித்துப் பார்த்தார்களாம், இந்தத் தடவை ஆண்டவர் வழியைத் திறந்துவிட்டாராம். அம்மா கேசரிக்கு ரவையை எடுக்கவே போய்விட்டாள். அத்தை முன்னறைக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"நான் ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னு சொல்லிருங்கண்ணே."

அம்மா ரவை டப்பாவோடு நின்றாள். தாத்தா பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது. ஆனையூருக்கு அந்த ஜெபத்தின் பதில் இன்றுவரை போகவில்லை. ஹாஸ்டலுக்கு வரவில்லை என்று அத்தை சொல்லிவிட்டாள். பெட்டியில் அம்மா போர்வைகளைப் போட்டு வைத்தாள். பிற்பாடு அத்தை கல்யாணம் செய்துகொண்டது அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரை. பெண் பார்க்க வந்த அன்று அந்த மாமா கேட்ட முதல் கேள்வி, உங்க தாத்தா படத்துல சண்டை உண்டா என்பது.

அன்றைக்கு ஆனையூர் ஆள் தெருமுனையைத் தாண்டியதும் வீடே சிரித்துக்கொண்டிருந்தது. அத்தையைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனேன். பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கிற மாதிரியும் இருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டும் இருந்தது. பக்கத்தில் போனதும் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொருத்தரும் போனப்புறம் கண்ணாடி முன்னாடி நின்னு, எது கோளாறு, எது கோளாறுன்னு தேடுவேன் பாப்பா. பல்லா, நிறமா, நடையான்னு. நான் இல்ல. இம்புட்டு நாளும் நான் இல்ல."

அந்த ஊமை விவகாரம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் நினைத்தேன். அவளைத் தேற்ற வேண்டும் என்றும் இருந்தது. "நீங்க ஊமை இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும் அத்தை," என்றேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள். ஆறுதல் சொன்னதற்கு யாராவது அழுவார்களா என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பல வருஷம் கழித்து, என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பதிலே வராத ஒரு சாயங்காலம், கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று என் பல்லை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை அன்றைக்கு அந்தக் கல்லில் எதை இறக்கிவைத்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.